கதிரவன் கோயில் ஊரில் கூரைதோறும் மின்சாரம்



குஜராத் மாநிலம் மேசானா மாவட்டத்தில், புஷ்பாவதி ஆற்றங்கரையில், மொதேரா என்னும் பழம்பதி உள்ளது. சோலங்கி வேந்தன் முதலாம் பீமதேவன் காலத்தில், 1026–27ஆம் ஆண்டளவில், அங்கே கதிரவனுக்குக் கற்கோயில் எழுந்தது. கீழ்த்திசை நோக்கிய கோயில் அது. பகலும் இரவும் ஒத்த அளவினவாகும் நாள்களில் உதயக்கதிர் கருவறைக்குள் விழுமாறு சிற்பிகள் அதனை அமைத்தனர். எதிரே அடுக்கடுக்காகப் படிகள் இறங்கும் திருக்குளம். படிகளின் இடையிடையே நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றாலயங்கள். இன்று கருவறையில் திருவுருவம் இல்லை, வழிபாடும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் கோயில் நிற்கிறது. சமண ஆசாரியர் ஹேமசந்திரர் பிறந்த மோட் வணிகர் குலம் இவ்வூரின் பெயரால் வழங்குவதென்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

இத்தகைய ஊரை, 2022 அக்டோபர் 9 அன்று, நாட்டின் முதல் 24 மணி நேரச் சூரிய மின்சக்திக் கிராமம் எனப் பிரதமர் அறிவித்தார். 1,300க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளில் வீட்டுக்கு ஒரு கிலோவாட் அளவில் மின்தகடுகள் பொருத்தப்பட்டன. அருகிலுள்ள சுஜ்ஜன்புராவில் 12 ஹெக்டேர் அளவு அரசு நிலத்தில் 6 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் எழுந்தது. பகலில் விளைந்ததை இரவுக்குச் சேர்த்துவைக்க 15 மெகாவாட் மணி, அதாவது 15,000 யூனிட் கொள்ளும் மின்கலத் தொகுதியும் அமைந்தது. நடுவண் அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்ற செலவு 80 கோடி ரூபாய்க்குச் சற்று மேல்.

ஒரு கிலோவாட் என்பது எவ்வளவு? மூன்று நான்கு தகடுகள். ஏறத்தாழ நூறு சதுர அடி இடம். நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் அளவு மின்சாரம் தரும். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு அது போதும்; தையல் பொறியோடு வீட்டிலேயே தொழில் செய்வோர்க்கும் போதும். குளிரூட்டி வைத்துக்கொள்ள எண்ணுவோர்க்குப் போதாது. தகட்டில் பிறப்பது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதனை வீட்டுக்கருவிகள் ஏற்கும் மாறுமின்னோட்டமாக்குகிறது. வாசற்சுவரில் உள்ள மீட்டர் இரு திசையிலும் எண்ணும்: வீட்டார் வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று. கணக்கில் கழிந்தது போக எஞ்சியதற்கே கட்டணம். மின்கட்டணத்தில் 60 முதல் 100 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது அரசின் அறிவிப்பு.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. கூரையில் தகடு இருந்தால் ஊரில் மின்தடை நேர்ந்தாலும் தம் வீட்டில் விளக்கெரியும் என்று நம்புகிறார்கள். மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பில் அவ்வாறு நிகழாது. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவர்மீது வீட்டிலிருந்து போகும் மின்சாரம் பாயலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. விற்பனைக்கு வருவோர் இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இனி ஒரு சிறு கணக்கு. 1,300 கூரைகளில் ஒவ்வொரு கிலோவாட் என்றால் 1.3 மெகாவாட். சுஜ்ஜன்புரா நிலையமோ 6 மெகாவாட். மொத்தத்தில் கூரைகளின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. மொதேரா என்றதும் படங்களில் காண்பது வீட்டுக்கூரைகளையே. ஊரைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பொதுநிலத்து நிலையமும் மின்கலங்களும்தாம். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மொதேராவின் உண்மையான நன்மை இதில்தான் இருக்கிறது. வெயில் எல்லார்க்கும் பொது, கூரை அப்படியன்று. தகரக் கூரையின்கீழ் வாழ்வோர், வாடகைக்குக் குடியிருப்போர், பங்காளிகள் நால்வர்க்கு ஒரே மொட்டைமாடி என்ற நிலையில் உள்ளோர் ஆகியோர் எந்தத் தகட்டை எங்கே பொருத்துவர்? அவர்கள் வீட்டிலும் அந்த வெளிச்சம் எரிய வேண்டுமானால் ஊருக்குப் பொதுவான ஒரு நிலம் வேண்டும்.

அதே மாநிலத்தின் அகமதாபாத் நகரை நோக்கினால் இது தெளிவாகும். 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற கோட்டை நகர் அது. ‘போள்’ எனப்படும் குறுந்தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள். செதுக்கிய மர வேலைப்பாடுகள். மொதேராவைப் போல அங்கே வெட்டவெளி இல்லை. ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டின்மேல் விழுகிறது. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் ஒரு மூலையில் நிழல் தங்கினாலும் மற்றவற்றின் விளைச்சலும் குறையும். நூறாண்டு கண்ட மர உத்திரம் இரும்புச் சட்டத்தையும் காற்றின் இழுப்பையும் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேலும், ஜனவரி 14 உத்தராயணத்தன்று அந்நகரம் முழுவதும் மாடியில்தான் இருக்கும். பட்டம் விடும் அந்த இடத்தைத் தகடுகளுக்குத் தர எத்தனை வீட்டுப் பிள்ளைகள் ஒப்புவர் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே!

தொன்மைச் சின்னங்களைச் சூழ்ந்த வீடுகளுக்குச் சட்டமும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். வீட்டுக்காரர் இதனைத் தொல்லை எனக் கருதுவது இயல்பு. ஆயினும் குளத்தின் படியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கோயிலின் பின்னே நீலக் கண்ணாடிகள் மின்னுவதை யாரும் விரும்பார். மொதேராவில் கோயிற்கல்லில் ஓர் ஆணியும் அறையாமல், வாகனம் நிறுத்தும் இடத்தில் தகடுகளையும் மின்வண்டிகளுக்கு மின்னேற்றும் நிலையத்தையும் அமைத்தது நல்ல முடிவு. மாலையில் கோயிலின்மேல் வீசும் ஒளிக்காட்சியும் சூரிய மின்சாரத்தால் நடைபெறுகிறது.

மொதேராவின் செலவை அரசு ஏற்றது. எல்லாப் பழம்பதிக்கும் அது வாய்க்காது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆயின் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. மீதியை வீட்டார் போட வேண்டும், கடனுக்கும் வழியுண்டு. மானியம் வீட்டுக்கே உரியது, கடைக்கு அன்று. கடைவீதிக்காரர் தம் முதலைப் போட்டே நிறுவ வேண்டும். ஆயினும் வணிகக் கட்டணம் உயர்ந்தது, கடை திறந்திருப்பதும் பெரிதும் பகலில்தான் என்பதால் அவர்க்கும் கணக்குக் கட்டிவரும்.

நிறுவியபின் மறந்துவிடும் வேலை ஒன்று எஞ்சுகிறது. வட குஜராத்தின் புழுதி நாள்தோறும் தகட்டில் படியும். மழையில்லாத மாதங்களில் துடைக்காவிட்டால் விளைச்சல் கண்கூடாகக் குறையும். வெயிலேறிச் சூடான கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றலாகாது. கதிரவன் எழுமுன் அல்லது அடைந்தபின் மென்துணியால் கழுவ வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, எழுபது வயதுப் பெற்றோர் மட்டும் உள்ள வீட்டில் ஏணி ஏறுவது யார் என்பதைத் தகடு வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுவது நலம்.