எந்தையார் சொன்ன சயாம் கதை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

போர்க்காலத்தில் நம் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஆகவே, என் வீட்டுத் திண்ணையில் கேட்ட கதையையே சொல்கிறேன்.

எந்தையார் 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்றார். மறு ஆண்டே இந்திய அரசு அவ்வாறு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. ஓராண்டு அவர் தாமதித்திருந்தால் இக்கதையே இல்லை. ஊரில் பண்ணையாளாய் இருந்தவர், பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஆனார்.

1941 டிசம்பர் 8-இல் சப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் போய்விட்டார்கள். இரப்பரை வாங்குவாரில்லை, கூலியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கோணிச் சாக்கே ஆடையாயிற்று. அந்நிலையில்தான் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி, உணவும் இருப்பிடமும் இலவசம் என்றார்கள். நம்பிப் போனவர் சிலர். பிடித்துச் செல்லப்பட்டவர் பலர். மூடிய சரக்கு வண்டிகளில் பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக உழைத்த போர்க் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டவர். அவர்களில் இறந்தவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களில் மாண்டவர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை மறைவாக எழுதி வைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். நம்மவர்க்கு எழுதி வைப்பாரும் இல்லை.

நான் எந்தையார் ஊர் திரும்பிய பின் பிறந்தவன். விளக்கணைத்த பின் அவர் கதை சொல்வார். மழையும் மூங்கில் காடும் அட்டைக் கடியும் அதில் வரும். "ஒரு லாரி நிறையப் போனோம், திரும்பியது ஒரு மாட்டு வண்டிக்குக் காணாது" என்பார். கதை எப்போதும் ஓரிடத்தில்தான் முடியும்: "அங்கே எல்லாச் சாதியும் ஓர் உலையில் வெந்ததைத் தின்றோம். சாவு வந்தபோது சாதி ஓடிப்போயிற்று." அச்சொல்லைக் கேட்டு நான் பெருமிதத்தோடு உறங்கிப் போவேன்.

1979-இல் அவர் மறைந்தார். கருமாதிக்கு, அவரோடு சயாம் சென்று மீண்ட பெரியவர் ஒருவர் வந்திருந்தார். பெரியப்பா என்றே நான் அவரை அழைப்பது வழக்கம். ஓர் உலைக் கதையை நான் எடுத்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அது பின்னால் நடந்தது, தம்பி" என்றார்.

முன்னால் நடந்தது இது. 1943-ஆம் ஆண்டு மழையில் முகாமில் வாந்திபேதி கண்டது. காலையில் மண் வெட்டியவன் மாலையில் இல்லை. பிணத்தைத் தொட எவரும் முன்வரவில்லை. அப்போது தண்டல் ஒவ்வொருவரிடமும், ஊரில் உன் சேரிக்கு என்ன வேலை என்று கேட்டானாம். சயாம் காட்டிலும் அக்கேள்வி வந்தது. எந்தையாரும் பெரியப்பாவும் பிணம் தூக்கப் பிரிக்கப்பட்டார்கள். ஊரில் தம் நிழலையும் விலக்கியிருக்கக் கூடியவர்களை அவர்கள் தோளில் சுமந்தார்கள். "குழிக்குக் கொண்டு போகையில் சிலருக்கு மூச்சிருந்தது, தம்பி. உன் அப்பன் அதை என்னிடமே இரண்டு முறைக்கு மேல் பேசியதில்லை." தண்டலும் சில நாளில் அதே குழிக்குப் போனான். எஞ்சியவர் சிலரானபோதுதான் ஓர் உலை வந்தது.

எந்தையார் என்னிடம் பொய் சொன்னாரா? இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கத் தக்கது எது என்று தேர்ந்து கொடுத்தார், அவ்வளவே. ஆயினும் அன்றுதான் எனக்கு வேறொன்று விளங்கிற்று. 1946-இல் ஊர் திரும்பியது முதல் அவர் ஊர்ச்சாவுக்குப் பிணவேலை செய்ய மறுத்தார். அதனால் அறுவடைக் களத்தில் எங்கள் வீட்டுக்கு அளக்கும் நெல் நின்றது. அம்மா அழுவாள். மலாயாக்காரன் திமிர் என்று ஊரார் பேசினர். உண்மையைச் சொன்னால், நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவர் கொண்டுவந்த செல்வமோ, சப்பானியர் அச்சிட்ட, ஒரு காசும் பெறாத வாழைமரத் தாள் சில. எங்களைப் பள்ளிக்கு விரட்டியதும் அந்த மறுப்பும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதை, அவர் போன பின்பே அறிந்தேன்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் நினைவுக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தை உலகமே பார்த்தது. இலங்கையில் எடுக்கப்பட்ட அப்படத்திலும் தமிழ்த் தொழிலாளியின் கதை இல்லை. தமிழ்த் தொழிலாளர் நினைவாக அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023-இல்தான். எண்பது ஆண்டுகள்! அதுவரை அவர்களுக்கு இருந்தது வீட்டுக் கதை ஒன்றே. அக்கதையிலும் பாதியைத் தந்தை மறைத்தார் என்றால், மறுபாதியை அறிய நாம் யாரிடம் போவது?

கருமாதி முடிந்த மறுவாரம் நான் ஒரு பள்ளி நோட்டுடன் பெரியப்பாவிடம் சென்றேன். தாம் சுமந்தவர்களில் நினைவிருந்த பதினான்கு பேரை அவர் சொல்ல, எழுதிக்கொண்டேன். சிலருக்கு ஊர் தெரியவில்லை. ஒருவருக்குப் பெயரே இல்லை. "நன்றாகப் பாடுவான்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குப் பெரியப்பாவும் இல்லை.

அந்த நோட்டை இன்று நம் கழக நூலகத்தாரிடம் ஒப்படைக்கிறேன். பின்பக்கங்கள் பல வெறுமையாக இருக்கின்றன. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஆள் போன வீடுகள் இவ்வட்டாரத்தில் இன்னும் உள்ளன. தொண்ணூறைக் கடந்த மூதாட்டியர் இருவர் இந்த அவையிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பேனா நூலகர் மேசைமீது இருக்கிறது.