எழுப்புதலும் தலைமையும்: நெல்லைத் திருச்சபையின் அனுபவம்

திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு சபை முளைவிட்டபோது அதற்குப் பேராயரும் இல்லை, நிலையான குருவானவரும் இல்லை. 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்ற பிராமண விதவையின் முயற்சியில் அங்கே ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அந்தச் சிறு கூட்டத்தைக் கவனிக்கத் தஞ்சாவூர் மிஷனிலிருந்து வந்த உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். தேரிக்காட்டுப் பக்கம் சபை பரவியதற்குத் தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞர் காரணம். துன்புறுத்தலுக்கு ஆளான புதுக்கிறிஸ்தவர்களைக் குடியேற்ற 1799இல் அவர் முன்னின்று உருவாக்கிய ஊரே முதலூர்.

இன்றைய சுவிசேஷத் திருச்சபைகளில் தலைமை பற்றியும் எழுப்புதல் பற்றியும் நடக்கும் விவாதங்களுக்கு நெல்லையின் வரலாறு நல்ல உரைகல். இங்கே எழுப்புதல் வந்த ஒவ்வொரு தடவையும் தலைமை யாரோ ஒருவர் கையிலிருந்து வேறொருவர் கைக்கு, பெரும்பாலும் மேலிருந்து கீழுக்கு, மாறியிருக்கிறது. அப்படி மாறும்போதெல்லாம் அடிதடி இல்லாவிட்டாலும் மனக்கசப்பு இருந்தது. அந்த எழுப்புதல் விட்டுச்சென்ற நிறுவனமும் சொத்தும் அடுத்த தலைமுறையின் போட்டிப் பொருளாயின. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எழுப்புதலை மட்டும் கொண்டாடுவது பாதி வரலாறுதான்.

ரேனியஸும் உபதேசியார்களும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் மிஷனெரி; ஆனால் ஜெர்மானியர். லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். தமிழில் பேசவும் எழுதவும் வல்லவர். தமிழ் இலக்கணம் எழுதியவர். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியவர். 1826இல் அவர் கட்டிய ஆலயத்தை ஊசிக்கோபுரம் என்று ஊரார் இன்றும் அழைக்கிறார்கள். 1830இல் தொடங்கிய தர்ம சங்கம் நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடியிருப்புகளை உண்டாக்கியது. ஆயினும் இந்தச் சபையின் உட்கட்டமைப்பைத் தீர்மானித்தது அவர் ஊர்தோறும் வைத்த உபதேசியார் ஏற்பாடுதான்.

உபதேசியாரின் நாள் விடியற்கால மணியோடு தொடங்கும். காலை ஜெபம் நடத்துவார், பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் வினாவிடையும் சொல்லிக்கொடுப்பார், நோயாளிகளைப் பார்ப்பார், புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பார், வரித்தண்டல்காரன் நெருக்கினால் மனு எழுதிக் கொடுப்பார், இரவில் மறுபடி ஜெபம். குறித்த நாளில் பாளையங்கோட்டைக்கு நடந்துவந்து, தம் ஊர்ச் சங்கதிகளை மிஷனெரியிடம் ஒப்பித்து, அடுத்த வாரங்களுக்கான போதனையைப் பெற்றுத் திரும்புவார். 1835 வாக்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாங்கி நின்றது இந்த ஏற்பாடு. இவ்வளவும் செய்தவர் இராப்போஜனம் மட்டும் கொடுக்க முடியாது, ஏனெனில் அவருக்குக் குருப்பட்டம் கிடையாது.

உபதேசியார்களில் தகுதியுள்ளோருக்குத் தம் லுத்தரன் முறையிலேயே குருப்பட்டம் கொடுக்க ரேனியஸ் விரும்பினார். ஆங்கிலிக்கன் அத்தியட்சரே கொடுக்க வேண்டும் என்றது சி.எம்.எஸ். ஆங்கிலத் திருச்சபையின் முறைமைகளைக் கண்டித்து ரேனியஸ் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் வெளியேறிய சில மாதங்களிலேயே உபதேசியார்கள் பலர் அவரைத் திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார், சபை இரண்டாகப் பிரிந்தது. 1838இல் அவர் இறந்தபின் பெரும்பாலோர் சி.எம்.எஸ்.ஸுக்குத் திரும்பினர். கதையைச் சொல்பவர்கள் இதை ஒரு பிடிவாதக்கார ஜெர்மானியரின் சோகமாகச் சொல்லுவதுண்டு. அது போதாது. தமிழ்க் கிறிஸ்தவர் தம் சபையை நடத்த யார் அனுமதி வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. எழுப்பியவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள்.

அருளப்பனின் 1860

அந்தக் கேள்விக்கு ஒருவர் தம்மளவில் பதில் கண்டார். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) ரேனியஸின் செமினாரி மாணவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு பழகி, மிஷன் சங்கத்துச் சம்பளம் இல்லாமலேயே ஊழியம் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தவர். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கி, குருப்பட்டம் என்ற பேதமில்லாத ஒரு சபையை நடத்தினார். 1860இல் அங்கே வெடித்த எழுப்புதல் சி.எம்.எஸ். கிராமங்களுக்கும் பரவியது. பாவ அறிக்கை, அழுகை, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்தன. பெண்கள் வெளிப்படையாக ஜெபித்தார்கள், பேசினார்கள். சில மிஷனெரிகள் மகிழ்ந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாற்றை 1906இன் லாஸ் ஏஞ்சலீஸ் எழுப்புதலிலிருந்து மட்டும் தொடங்குவோர் இந்த 1860ஐக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் அருளப்பனின் ஏற்பாடு அவரைத் தாண்டிப் பெரிய அமைப்பாக நிலைக்கவில்லை. மாறாக, உற்சாகம் குறைந்த சங்க மிஷன் கவுன்சில்களாகவும் குழுக்களாகவும் நிலைத்தது. லண்டனில் 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். செயலராயிருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபை தன்னைத்தானே தாங்கி, தன்னைத்தானே ஆண்டு, தன்னைத்தானே பரப்பவேண்டும், மிஷன் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும் என்று வற்புறுத்தியவர். நெல்லையில் இந்தத் திட்டத்தின் முதல் பாகம் நன்றாகவே நடந்தது. வீட்டுப்பெண் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கோயில் பானையில் போடுவாள். முதல் பனங்கட்டி, முதல் கோழிக்குஞ்சு, அறுப்பின் பண்டிகைக்கு நெல், சங்கக் காணிக்கை என்று காசும் பொருளும் ஏழைகளிடமிருந்தே வந்தன. ஆள்வதில்தான் தடங்கல். 1877இல் மிஷனெரிகள் கால்டுவெல்லும் சார்ஜெண்டும் உதவி அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றார்கள், இருவரும் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர், இருவருமே வெள்ளையர்.

அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் வெளியே ஊழியரை அனுப்புவதைக் கண்டது அவரை உறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுவிசேஷம் வேரோடிய நெல்லை ஏன் யாரையும் அனுப்பவில்லை? 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியருடையது என்பது அதன் அடிப்படை. சங்கம் தேர்ந்த பணித்தளம் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்குப் பகுதியில் உள்ள டோர்ணக்கல். 1905 டிசம்பர் 25இல் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கத்திலும் அசரியாவுக்கு முதன்மைப் பங்கு உண்டு.

1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுத் தாமே டோர்ணக்கலுக்குப் போனார். அடுத்த ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இன்றுவரை பேசப்படுகிறது. மிஷனெரிகளின் தியாகத்தை மெச்சிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அதற்கு முன் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஐரோப்பியர் ஓர் இந்தியரின் கீழ் வேலைசெய்வதா என்பது ஒன்று. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இருந்த சாதிப் பகை மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி நூற்றாண்டு மலர்கள் அடக்கி வாசிப்பது வழக்கம். நெல்லையில் பிறந்தவர் நெல்லைக்கு அத்தியட்சராகவில்லை; முதலில் அவருக்குக் கிடைத்தது சிறிய ஒரு திருமண்டலம். 1920களில் சுற்றியிருந்த ஆங்கிலிக்கன் மிஷன் பகுதிகளும் அதனோடு சேர்ந்தன.

டோர்ணக்கலில் அவர் செய்தவற்றில் இன்றைக்குப் பயன்படுவது இதுதான். ஞானஸ்நானம் பெறுவோர், பெரும்பாலும் மாலா, மாதிகா சாதி ஏழைகள், தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்று உறுதிமொழி எடுத்தார்கள். அதாவது, விசுவாசியான அந்த நிமிடமே ஊழியராகவும் ஆனார்கள். எழுத்தறிவு, பட்டம், சம்பளம் எதற்கும் அங்கே காத்திருப்பு இல்லை. கிராமங்களுக்கு ஆசிரியர்களை அனுப்பியபோது அவர்கள் மனைவிமாருக்கும் பயிற்சி கொடுத்தார், ஏனெனில் குடிசைக்குள் போய்ப் பேசக்கூடியவர்கள் அவர்களே. இறையியல் போதனை தெலுங்கில் நடந்தது. காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1939இல் பிரதிஷ்டையான டோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் தூணும் பள்ளிவாசல் கும்மட்டமும் கலந்திருக்கின்றன. கட்டி முடிக்கப் பல ஆண்டுகளானதற்குக் காரணம் பணம் கிராமத்துச் சபைகளிலிருந்து துளித்துளியாக வந்ததுதான்.

அசரியாவிடம் குறையே இல்லை என்பதல்ல. அதிகாரத்தை இறுக்கிப் பிடிப்பவர், ஒழுங்கில் கண்டிப்பானவர். ஆயினும் அந்தக் கண்டிப்பு கீழே உள்ளவரை வளர்க்கப் பயன்பட்டது என்பதற்கு, அவர் பட்டம் கொடுத்த ஏராளமான தெலுங்குக் குருமாரே சாட்சி. திருச்சபை ஐக்கியத்துக்காக 1919 தரங்கம்பாடிக் கூடுகையிலிருந்து உழைத்தார். 1945 ஜனவரி 1இல் இறந்ததால், 1947 செப்டம்பர் 27இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானதைக் காணவில்லை.

இன்றைய நிலை

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) அமைப்பு காகிதத்தில் மிகவும் ஜனநாயகமானது. சபையார் சேகரக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்குமேல் வட்டார மன்றம், அதற்குமேல் திருமண்டலப் பெருமன்றம், நிருவாகக் குழு, உச்சியில் சினாடு. பேராயரைத் தேர்வதில் திருமண்டலப் பெருமன்றம் பெயர்ப் பட்டியல் தருகிறது, சினாடு அதிலிருந்து ஒருவரை நியமிக்கிறது. மிஷனெரிகள் கட்டிய பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளின் ஆசிரியர் நியமனமும் மாணவர் சேர்க்கையும் கட்டட ஒப்பந்தமும் இந்தக் குழுக்களின் கையில் வந்தன. அரசு உதவிபெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் வேலை என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் பாதுகாப்பு. எனவே சேகரத் தேர்தலில் அணி, அணிக்குத் தலைவர், தலைவருக்குச் சாதி, வெள்ளைச் சட்டை, சுவரொட்டி எல்லாம் வந்தன. பேராயரின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தமும் சினாடு தேர்தலும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வழக்காயின. இதற்குத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடே காரணம் என்று பிரசங்கிப்பது எளிது. பதவியோடு சொத்தும் வேலைவாய்ப்பும் கட்டப்பட்டிருக்கும்வரை நல்லவரும் அந்தக் கயிற்றில் சிக்குவார் என்பதே பொருத்தமான விளக்கம்.

இதில் மனம் வெறுத்தவர்கள் சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். அங்கே தேர்தல் இல்லை, வழக்கும் குறைவு. நிறுவிய போதகரே தலைவர், பொருளாளர், பிரசங்கி. அவருக்குப்பின் பெரும்பாலும் மகன் அல்லது மருமகன். கணக்குக் கேட்பவர் ஆவிக்குரியவர் அல்லர் என்று பேர்வாங்குகிறார். உலக அளவிலும் சுவிசேஷ இயக்கம் இதை உணராமல் இல்லை. 2010இல் கேப் டவுனில் கூடிய லொசான் மாநாட்டின் பிரகடனம், அதிகாரம், வெற்றி, பேராசை ஆகியவற்றைத் தலைவர்களைப் பிடித்த விக்கிரகங்களாகக் கண்டித்து, தாழ்மை, உண்மை, எளிமைக்கு அழைத்தது. ஆனால் மனந்திரும்புதல் அழைப்போடு கணக்குத் தணிக்கையும் பதவிக்கால வரம்பும் சேராவிட்டால், அது மேடையோடு முடிந்துபோகும்.

பெண்களைப் பொறுத்தவரை நகர்வு மெதுவானது. 1976இல் சி.எஸ்.ஐ. முதல் பெண் குருவானவருக்குப் பட்டம் கொடுத்தது. 2013இல் எகோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். நந்தியால் ஒருகாலத்தில் அசரியாவின் டோர்ணக்கல் திருமண்டலத்துக்குள் இருந்த பகுதி. நெல்லையில் வீடுவீடாகப் போய் வேதம் சொல்லித்தந்த பைபிள் அம்மாமாரை நினைத்தால், பட்டம் வேலையைவிட நூறாண்டு பிந்தியே வந்திருக்கிறது.

சி.எஸ்.ஐ. காலத்தில் எழுப்புதல் நடந்த இடம் என்று நெல்லையில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது குழு அறைகளுக்கு வெளியே இருந்தது. 1950களில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் தொண்டு செய்த இளைஞர்கள் சிறுசிறு ஜெபக்குழுக்களாகக் கூடினார்கள். அவை நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்று இணைந்து, 1967இல் தருமபுரிப் பக்கத்துப் பெரியமலைக்கு முதல் மிஷனெரியை அனுப்பின. அனுப்பியவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், வங்கி ஊழியர்கள். மாதக் காணிக்கை கவரில் வைத்துத் தரப்பட்டது. பின்னர் குஜராத்தின் ஆதிவாசிகளிடமும் ராஜ்மகால் மலைகளின் மால்தோ மக்களிடமும் அவர்கள் சென்றார்கள். மொழி கற்று, நோய்க்கு மருந்து கொடுத்து, வேதாகமத்தை மொழிபெயர்த்தார்கள். மலேரியாவில் ஊழியரை இழந்த குடும்பங்களும் உண்டு.

ரேனியஸ் சந்தித்த கேள்வி இப்போது வடக்கே நிற்கிறது. மலைக்கிராமத்தில் சபை எழும்பிவிட்டது. அதை நடத்த உள்ளூர் உபதேசியார் இருக்கிறார். அவர் தயாரித்த போதனையைச் சரிபார்ப்பவரும், அவருக்கு மாதப் படி அனுப்புபவரும், அவரை மாற்றும் அதிகாரம் உள்ளவரும் பெரும்பாலும் தமிழர். குஜராத்தில் சபைகளை வட இந்தியத் திருச்சபையின் கீழ் ஒப்படைத்த முயற்சி ஒரு வழி. மால்தோக்களில் படித்து ஊழியரானவர்களிடம் பொறுப்பை விடுவது மற்றொன்று. மிஷனெரி அங்கேயே ஓய்வுபெறும்வரை இருந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது மூன்றாவது வழி. அதுவும் பல பணித்தளங்களில் நடக்கிறது.