ஓலையும் வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம்

கிராமத்தில் குடிசையில் இருப்பவர்கள் கான்கிரீட் வீடு கட்ட, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் தமிழக அரசு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி இடத்துக்கு ஓடு போடலாம். ஓலை கூடாது. ஆஸ்பெஸ்டாஸும் கூடாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? காற்றடிக்கிற நாளில் விறகடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். ஓலை பற்றிக்கொள்ளும். ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் சாம்பல். ஆஸ்பெஸ்டாஸ் தீப்பிடிக்காதுதான். ஆனால் அறுத்தால், உடைந்தால், கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். அது நுரையீரலைக் கெடுக்கும்.

மீதி இடம் அடுப்படிதானே, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையே போட்டுக்கொள்வோம் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் பாதி நாள் நிற்பது அங்கேதான். இந்தத் திட்டத்தைப் பற்றி, பட்டாவோடு போய் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.