தபால் கூலியும் தொழிலாளர்களும்

(வடக்குப்பட்டில் தொழிலாளர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கும் விஷயம் தபால். "ஒரகடத்தில் மோட்டார் செய்கிறோம், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிறோம், எங்களிடம் வந்து கார்டு, கவரைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கடைசியாகக் கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டது எப்பொழுது என்று இங்குள்ள வாலிபர்களைக் கேட்டால் அநேகருக்கு ஞாபகமிராது. சிலர் ஒரு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதற்காக ஒப்பாரி வைக்க நாம் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழையது என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவது அறிவுள்ளவர்கள் செய்கிற காரியமல்ல. இந்த ஊர் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் வருஷத்தில் தொல்பொருள் இலாகாவினர் இங்கு தோண்டிப் பார்த்தபோது, பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் மனிதன் செய்த கற்கருவிகள் கிடைத்தன. அந்தக் கல்லை அவன் வைத்திருந்தது கல்லின்மேல் பக்தி கொண்டு அல்ல. அது காரியத்துக்கு உதவிற்று என்பதால்தான். அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டான். 2013-ஆம் வருஷம் ஜூலையில் சர்க்கார் தந்தியை நிறுத்திற்று; அதனால் யார் குடியும் முழுகிவிடவில்லை. அதுபோல் கார்டும் கவரும் போவதானால் போகட்டும்.

அன்றியும், புதிய சாதனத்தால் ஏழைக்கு விளைந்த நன்மையை மறைப்பது அயோக்கியத்தனம். முன்காலத்தில் எழுத்தறியாத ஒரு பெண்ணுக்குப் புருஷனிடமிருந்து கடிதம் வந்தால், அதைத் தபால்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ படித்துச் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்சாதியும் பேசுகிற பேச்சு ஊர்ப் பேச்சாகிவிடும். இன்று ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்தப் பேட்டையில் வேலை செய்கிற தோழர், ஷிப்டு முடிந்ததும் பெண்சாதியோடு நேரே பேசுகிறார். முன்னெல்லாம் மணியார்டரில் ஆயிரம் ரூபாய் அனுப்ப 50 ரூபாய் கூலி; இன்று செல்போனில் ஒரு காசு கூலியில்லாமல் அந்தக்ஷணமே போய்ச் சேருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கார்டு எழுதுங்கள் என்று சொன்னால் நம்மைப் பைத்தியக்காரர் என்பீர்கள்.

நிற்க, அப்படியானால் எதற்காகத்தான் பேச வந்தோமென்றால், கடிதம் போவதோடு சேர்த்து அதைவிட மேலான ஒரு சங்கதியும் போகப் பார்க்கிறது என்பதற்காகத்தான். அது என்ன?

தபால் முத்திரை வருவதற்கு முன்னால், தூரத்துக்குத் தக்கபடி கூலி வாங்கினார்கள். இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர் 1837-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போகிற செலவு சொற்பம், தூரத்தை அளப்பதும், பெறுகிறவனிடம் காசு வசூலிப்பதுமே பெருஞ்செலவு என்று. அதன் பலனாக 1840-இல் அங்கு எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னி என்று வந்தது. நம் நாட்டில் 1854-இல் அரை அணா முத்திரை வந்தது. 1879-இல் கால் அணா கார்டு வந்தது. தோழர்களே, இந்த நாட்டில் மனிதனுக்கு மனிதன் கிணறு வேறு, தெரு வேறு, சுடுகாடுகூட வேறு என்றிருந்த காலத்தில், ஜமீன்தார் கடிதத்துக்கும் அவர் பண்ணையாள் கடிதத்துக்கும் ஒரே விலை, ஒரே பை, ஒரே முத்திரை என்று வைத்த ஏற்பாடு சாதாரணமானதல்ல. முத்திரை ஒட்டியவன் என்ன ஜாதியென்று அந்தப் பை கேட்கவில்லை. பட்டணமானாலும் குக்கிராமமானாலும் கொண்டுபோய்க் கொடுத்தே தீரவேண்டும் என்கிற கடமையும் அதோடு வந்தது. நாம் காப்பாற்றவேண்டியது காகிதத்தை அல்ல. இந்தச் சமத்துவத்தையும் இந்தக் கடமையையும்தான்.

இப்பொழுது உலகத்தில் நடப்பதைப் பாருங்கள். தபால்காரர் ஒரு தெருவில் நடக்கிற நடை, பையில் நூறு கடிதம் இருந்தாலும் ஒன்றுதான்; பத்து இருந்தாலும் ஒன்றுதான். கடிதம் குறையக்குறைய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் விழுகிற செலவு ஏறுகிறது. செலவு ஏறிற்று என்று விலையை ஏற்றுகிறார்கள். விலை ஏறிற்று என்று ஜனங்கள் இன்னும் குறைவாக எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 20 வருஷத்துக்கு முன் வருஷமொன்றுக்குச் சுமார் 2,000 கோடி கடிதம் போயிற்று. இன்று 700 கோடிக்கும் கீழே. 2022-இல் 95 பென்ஸாக இருந்த முதல் வகுப்பு முத்திரை 2025 ஏப்ரலில் 170 பென்ஸாயிற்று. டென்மார்க்கு தேசத்தில் 400 வருஷமாகக் கடிதம் கொடுத்து வந்த தபால் ஸ்தாபனம், 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. தெருப் பெட்டிகளைப் பிடுங்கி விற்றும்விட்டார்கள். இனி அங்கே கடிதம் எழுதுகிறவன் ஒரு தனிக் கம்பெனியைத்தான் நாடவேண்டும்.

நம் நாட்டில் வேறு விதமாக நடக்கிறது. இங்கு கார்டு 20 வருஷத்துக்கு மேலாக அதே 50 காசு. இன்லாண்டு இரண்டரை ரூபாய். "பார்த்தீர்களா, ஏழைக்கு எவ்வளவு மலிவு!" என்று சொல்லிக்கொள்ள இது உதவுகிறது. ஆனால் கார்டை யார் எழுதுகிறார்கள்? எவரும் வாங்காத பண்டத்துக்கு விலை ஏறாமலிருப்பது என்ன தர்மம்? எதை ஏழை இன்றைக்கும் கட்டாயமாக அனுப்பித் தீரவேண்டியிருக்கிறதோ அதன் விலையைப் பாருங்கள். அதுதான் ரிஜிஸ்டர் தபால்.

முன்பு 5 ரூபாய்க் கவருக்கு 17 ரூபாய் ரிஜிஸ்டர் கூலி கட்டினால், வரியோடு சேர்த்துச் சுமார் 26 ரூபாயில் டில்லிக்கும் அனுப்பலாம். 2025-இல் இதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி வந்த கட்டணப்படி, உள்ளூருக்குள் 50 கிராம் வரை 19 ரூபாய், வெளியூர் என்றால் 47 ரூபாய், ரிஜிஸ்டர் செய்ய 5 ரூபாய், அதன்மேல் வரி. ஆகச் சுமார் 61 ரூபாய். சீக்கிரம் போகிறதென்பது மெய்தான். ஆனால் நமக்கு வேண்டியது வேகமா, அத்தாட்சியா?

அத்தாட்சிதான் வேண்டும். ஏன்? மூன்று மாதம் காண்ட்ராக்டில் வேலை செய்தவரை மேஸ்திரி நாளை முதல் வராதே என்கிறான். பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறான். இரண்டாந்தரம் அனுப்பினால் நம் நம்பரையே தடுத்துவிடுகிறான். ஆனால், சரியான விலாசமெழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டால் அது சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும் என்று 1897-ஆம் வருஷத்துப் பொது வாசகச் சட்டம் சொல்லுகிறது. சேரவில்லை என்று ருஜுப்பிக்கிற பாரம் அவன் தலையில். ஏழைக்கு வக்கீல் இல்லை, சிபார்சு இல்லை. அந்த ஒரு ரசீதுதான் சாக்ஷி. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடக் கட்டணம் 10 ரூபாய். அந்த மனுவை இங்கிருந்து சென்னைக்கு அத்தாட்சியோடு அனுப்ப 61 ரூபாய்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

புஸ்தகத்தின் கதி இன்னும் மோசம். ரிஜிஸ்டர் புக் போஸ்ட்டில் ஐந்து கிலோ புஸ்தகத்தை 80 ரூபாயில் இந்தியா முழுதும் அனுப்பலாம் என்றிருந்தது. 2024 டிசம்பர் 18-ஆம் தேதி, முன்னறிவிப்புக்கூட இல்லாமல் அதை நிறுத்தினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு 2025 மே முதல் தேதி 'கியான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. அதில் 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்பது மோசமில்லை. ஆனால் சின்னப் புஸ்தகம் ஒன்றனுப்பினாலும் 20 ரூபாய். ஏழை வாங்குகிற இருபது ரூபாய்ப் பிரசுரத்துக்கு இருபது ரூபாய் கூலி! பத்திரிகைகளுக்கோ அதில் இடமே இல்லை. அதேசமயம் "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பம் நாசமாகும்" என்கிற மிரட்டல் செய்தி செல்போனில் இலவசமாகப் பறக்கிறது. முன்னாளில் அதைக் கார்டில் எழுதுகிற பயங்கொள்ளி பத்துக் கார்டு வாங்கிக் காசாவது செலவழிக்கவேண்டியிருந்தது!

இந்த விலைகளை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தில் கார்டு, கவர் விலை சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. ஏற்றவேண்டுமானால் சட்டசபைக்கு வரவேண்டும். 1922-இல் வெள்ளைக்காரன் கால் அணாக் கார்டை அரை அணா ஆக்கினதுகூட அந்த வழியில்தான். 2024 ஜூன் 18 முதல் அமுலிலிருக்கும் புதிய சட்டமோ, கட்டணம் விதிக்கும் அதிகாரத்தைத் தபால் டைரக்டர் ஜெனரலிடம் கொடுத்திருக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில் வாய்விட்டுக் கேட்கவாவது ஓர் இடமிருந்தது. ஜனநாயக ஆட்சியில் காலையில் எழுந்து நோட்டீஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"தபால் இலாகா நஷ்டத்தில் நடக்கிறதே" என்பார்கள். நடக்கட்டுமே! நஷ்டமென்று போலீஸ் ஸ்டேஷனை மூடுகிறார்களா? ரோடு லாபம் தருகிறதா? இந்த நாட்டில் 1,64,000-க்கு மேற்பட்ட தபாலாபீஸ்களில் பத்தில் ஒன்பது பங்கு கிராமத்தில் இருக்கின்றன. லாபமே நோக்கமானால் அவற்றில் பாதிகூட இராது. கிராமத்துக்குத் தபால் சுமக்கும் கிராமிய டாக் சேவகர்களை முழுச் சர்க்கார் ஊழியராக ஒப்புக்கொள்ளக்கூட மனமில்லாத சர்க்கார், நஷ்டத்தைப்பற்றிப் பேச யோக்கியதை உண்டா?

"எல்லாம் இன்டர்நெட்டில் ஆகிவிடும்" என்பார்கள். ஆகட்டும்; ஆனால் இன்டர்நெட்டும் இலவசமல்ல. கம்பெனிக்காரன் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு 28 நாள்தான்! 29-ஆம் நாள் காசு கட்டாதவனுக்கு வாயுமில்லை, காதுமில்லை. தபால்காரருக்கு இருந்த, கொண்டுபோய்க் கொடுத்தே தீரவேண்டும் என்கிற கடமை அந்தக் கம்பெனிக்கு உண்டா?

ஆகவே நாம் கேட்பது மூன்றுதான். ஒன்று, சம்பளப் பாக்கி, சேமநிதி, பென்ஷன், தகவல் மனு, கோர்ட்டுக் காரியம் இவற்றுக்கு அவசரமில்லாத, மலிவான ரிஜிஸ்டர் தபால் வேண்டும். இரண்டு, மின்சாரத்தபாலிலோ செல்போனிலோ தொழிலாளி அனுப்பும் மனுவுக்கு, முதலாளியும் சர்க்காரும் தேதி போட்ட ரசீது கொடுத்தே தீரவேண்டும். அதற்கு ரிஜிஸ்டர் தபாலுக்குள்ள அந்தஸ்து வேண்டும். அது வந்துவிட்டால் காகிதத்தைப்பற்றி நமக்குக் கவலையில்லை. மூன்று, கட்டணத்தை ஏற்றுவதானால் ஜனப் பிரதிநிதிகள் முன் வைத்து ஏற்றவேண்டும்.

இது பிச்சை அல்ல. ஏழை சொன்ன சொல் பணக்காரன் காதில் விழுந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்பது பாத்தியதை. அதுவரையில், தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். தனியாக 61 ரூபாய் கட்டமுடியாவிட்டால், ஒரே குறையுள்ள பத்துப்பேர் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, பத்துப்பேரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆளுக்கு ஆறு ரூபாய்தான் ஆகும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விலை ஏறினதால் நீங்கள் ஒன்றுசேரக் கற்றுக்கொண்டால் அதுவும் லாபமே.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் கையிலுள்ள பழைய ரசீதையும் புது ரசீதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள்.