கலைக்களஞ்சியத்தில் ஒரு சிறு கட்டம்



தமிழ் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகின்றது. எவரும் அதில் எழுதலாம். அதன் கட்டுரைகள் பலவற்றின் முகப்பில் 'தகவற்சட்டம்' என்றொரு கட்டம் உண்டு. விளையாட்டுப் போட்டித் தொடராயின், தொடங்கிய ஆண்டு, ஆட்டமுறை, அணிகளின் தொகை, இறுதியாக வென்ற அணி, மிகுதியாக வென்ற அணி ஆகியவை அதில் இடம்பெறும். எல்லாத் தொடர்களுக்கும் ஒரே வரிசை இருந்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட இயலும். ரயில் கால அட்டவணை பக்கத்துக்குப் பக்கம் வரிசை மாறினால் பயணி என்ன செய்வார்?

ஆயினும் வரிசை மட்டும் போதாது. 1934-35இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1954-55இல் வென்றது மதராஸ்; 1987-88இல் வென்றது தமிழ்நாடு. அணி ஒன்றே, பெயர்தான் மாறிற்று. பெயரைக் கொண்டு எண்ணினால் ஆளுக்கொரு வெற்றி. அணியைக் கொண்டு எண்ணினால் இரண்டு. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை வென்ற பம்பாயும் இன்றைய மும்பையும் அவ்வாறே. ஆகவே பழம்பெயருக்கும் கட்டத்தில் ஓரிடம் வேண்டும். 'இப்போதைய வெற்றியாளர்' என்று எழுதாமல் ஆண்டைக் குறித்தல் வேண்டும்; ஆண்டில்லாச் செய்தி விரைவில் பொய்யாகிவிடும்.

நம் குழந்தைகள் கட்டுரை முழுவதையும் படிப்பது அரிது. கட்டத்தைக் கண்டே நம்பிவிடுவர். தமிழில் தேடிவரும் பிள்ளைக்குப் பிழையான கணக்கைத் தரலாகாது. நம் சங்கத்து இளைஞர்கள் இப்பணியில் ஈடுபட வேண்டுகின்றேன்.