கடைக்காரர் கேட்ட கேள்வி



அவனியாபுரத்தில் குடியிருப்போருக்கு வெள்ளக்கல் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மதுரை மாநகரின் குப்பை வந்து குவியும் இடம் அது. அங்கே தீப்பற்றினால் நாங்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு அமர்ந்திருப்போம்.

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் என் பழைய மாணவர். "பிளாஸ்டிக் உறைகளைக் குப்பையில் எறியாதே தம்பி, தனியே சேர்த்து வை" என்று ஒருநாள் அறிவுரை கூறினேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "வைக்கிறேன் சார். அட்டைப் பெட்டியை நான் என்றாவது தெருவில் எறிந்து பார்த்திருக்கிறீர்களா? அதைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். உறையை எடுப்பவர் யார்?"

குடிமைப் பண்பு பற்றி நான் ஆயத்தம் செய்திருந்த சொற்பொழிவு அத்துடன் நின்றுபோயிற்று.

உறைக்கும் பயன் உண்டு என்பதை மெய்ப்பித்தவர் நம் ஊர்க்காரரே. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், 2002-ஆம் ஆண்டில் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலையை அமைத்துக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முறை எளியது. நன்கு சூடேற்றிய சல்லிக் கற்களின்மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது இளகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தாரைக் கலப்பார்கள். கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் எளிதில் புகாது. ஆனால் உறை உலர்ந்ததாய், தூயதாய் இருத்தல் வேண்டும். சாம்பார் ஒட்டிய உறை உதவாது. பி.வி.சி. சேரவே கூடாது, சூட்டில் நச்சு வாயு வெளிப்படும். ஆகவே தரம் பிரிக்கும் வேலை கடையிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. எட்டடிக் கடையில் அதற்கு இடமேது?

தனியொருவரால் ஆகாததைக் கூட்டாகச் செய்யலாம் என்பதற்குத் திருப்பூர் சான்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் அங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சிறு பட்டறைக்காரர் தனித்து ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட இயலுமா? பல பட்டறைகளுக்கும் பொதுவான நிலையங்கள் இருந்தன. அவற்றைச் சீர்செய்ய அரசு வட்டியில்லாக் கடன் வழங்கிற்று. கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயமிட எடுத்துக்கொள்ளும் முறை வேரூன்றியது. சட்டத்தின் கண்டிப்பு மட்டும் இருந்திருந்தால் பட்டறைகள் மூடியே கிடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

என் மாணவர் சொல்லைத் தட்டவில்லை. மேசைக்கடியில் ஒரு சாக்கைக் கட்டினார். சென்ற மாதம் இரண்டு சாக்குகள் நிறைந்து, எடுப்பாரின்றிக் கடை வாசலில் கிடந்தன. மூன்றாவதை அவர் கட்டவில்லை. கட்டச் சொல்ல எனக்கும் வாய் எழவில்லை.