பொம்மை ரயிலும் பெரட்டுக் களமும்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல ரயில் வுட்டு வெளையாடுறீங்களாம். அதுல எங்க காசு 150 வெள்ளி பொகையாப் போச்சாமே, நெசந்தானா?" என்று கேட்டார்கள். நேரமில்லை என்று அன்று கூட்டம் முடிந்துவிட்டது. நானும் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போனேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் காசு விளையாட்டுப் போட்டியன்று நீங்கள் தோசையும் வடையும் சுட்டு விற்றுக் கொடுத்த காசு. அதற்குக் கணக்குச் சொல்ல நான் கடமைப்பட்டவன். ஆகவே நானே கேட்டு இந்த மேடையில் நிற்கிறேன்.

நெசந்தான் அம்மா. புகையாகத்தான் போனது. எப்படிப் போனது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் பொறியியல் படித்தவனல்லன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு இங்கு வந்தவன். ஊர் மாறிப் போன நண்பர் ஒருவர் பெட்டி நிறையச் சின்னத் தண்டவாளமும், இரண்டு எஞ்சினும், அவற்றை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் நம் அறிவியல் மன்றத்துக்குக் கொடுத்தார். நிஜ ரயிலை 87 பங்காக்கி அதில் ஒரு பங்கு எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு பெரிய எஞ்சின். தண்டவாள இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் உள்ளே மோட்டார், பல்சக்கரம், விளக்கு எல்லாம் உண்டு.

பழைய முறையில் ஓட்டினால் ஒரு சங்கடம் வரும். தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாக ஓடும். சரி. ஆனால் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் துண்டுக்கொரு சுவிட்சு வைக்க வேண்டும்.

இதற்கு ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் என்பவர் ஒரு வழி செய்தார். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் அதையே அடிப்படையாக வைத்துப் பொது விதி வகுத்தது. அதைச் சுருக்கமாக டிசிசி என்கிறார்கள். பொது விதி இருப்பதால் ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் எஞ்சினோடும் பேசும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். விடியற்காலையில் மண்டோர் பேர் கூப்பிடுகிறார். அவர் குரல் எல்லார் காதிலும் விழுகிறது. ஆனால் யார் பேர் சொன்னாரோ அவர் மட்டுந்தானே "இருக்கேன்" என்று முன்னால் வருகிறார்? அதே கதைதான். தண்டவாளத்தில் எப்போதும் 15 வோல்ட் அளவுக்கு முழு மின்சாரம் இருக்கும். அது திசை மாறி மாறித் துடிக்கும். துடிப்பின் ஒரு பாதி ஒரு வினாடியை பத்து லட்சமாகப் பிரித்ததில் 58 பங்கு நீடித்தால் அது "ஒன்று". நூறு பங்கோ அதற்கு மேலோ நீடித்தால் அது "பூஜ்யம்". இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து, "மூன்றாம் நம்பரே, முன்னால் போ, இன்ன வேகத்தில் போ" என்ற செய்தியாகிறது. எல்லா எஞ்சினும் கேட்கும். மூன்றாம் நம்பர் மட்டும் நகரும்.

எஞ்சினுக்குள் உட்கார்ந்து இதைக் கேட்கிற காதுக்குப் பெயர்தான் டிகோடர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, அதிலிருந்து வால் வாலாகத் தொங்கும் ஒயர்கள். நமக்குக் கிடைத்த எஞ்சின்களில் ஒன்றில் அது ஏற்கெனவே இருந்தது. மற்றது பழைய எஞ்சின், அதில் இல்லை. புதிய எஞ்சின்கள் பலவற்றில் எட்டு முளை பொருந்துகிற துளை இருக்கும், டிகோடரை அப்படியே செருகிவிடலாம். பழையதில் ஒவ்வொரு ஒயராக ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். அதற்குத்தான் உங்கள் 150 வெள்ளி.

ஒயரின் நிறங்களுக்கும் விதி உண்டு. சிவப்பு வலப்பக்கத் தண்டவாளத்துக்கு, கறுப்பு இடப்பக்கத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாரின் இரண்டு கரி பிரஷ்ஷுக்கு. வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொது. பிள்ளைகள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். வாய்ப்பாட்டை மட்டும் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று நான் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

வரிசையாகத்தான் செய்தோம். முதலில் பழைய முறையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். நோயாளி எஞ்சினுக்கு டிகோடர் வைத்தால் நோய் போகாது. சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டோம். பிறகு மோட்டாரைக் கையால் அழுத்திச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்தோம். முக்கால் ஆம்பியருக்குக் கீழேதான் இருந்தது. நம் டிகோடர் ஒரு ஆம்பியர் தாங்கும். அதுவரை எல்லாம் சரி.

அடுத்ததுதான் உயிர்நாடி. டிகோடர் தண்டவாள மின்சாரத்தை வாங்கி, தானே அளந்து, வினாடிக்குப் பலமுறை திறந்து மூடி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஆகவே மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷும் டிகோடரைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. தொட்டால் தண்டவாளத்து முழு மின்சாரமும் பின்வாசல் வழியாக டிகோடருக்குள் பாயும். மேல் பிரஷ்ஷின் பழைய ஒயரை எடுத்தோம். கீழ் பிரஷ்ஷுக்கு அடியில் டேப்பு ஒட்டினோம். மோட்டாரைத் திரும்ப வைத்துத் திருகாணியை முறுக்கினேன். ஈயம் வைத்தேன். (ஒயரைப் பற்றுவதற்கு முன்பே அதன்மேல் ரப்பர் உறையை மாட்டிவிட வேண்டும். மூன்று முறை மறந்து மூன்று முறை பிரித்துப் போட்டேன்.) மணி நாலாகிவிட்டது. பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கத் துடித்தார்கள். உண்மையைச் சொன்னால், அவர்களைவிட நான்தான் துடித்தேன்.

அப்போது ஒரு மாணவி, "ஐயா, மீட்டர் வச்சுப் பாக்கலியே?" என்று கேட்டாள்.

"பாத்தாச்சும்மா, கண்ணுக்கே தெரியுதே" என்று சொல்லி எஞ்சினை நேரே பெரிய தண்டவாளத்தில் வைத்தேன்.

ஒரு வினாடிகூட ஆகவில்லை. எஞ்சின் ஒரு குதி குதித்தது. மெல்லிய புகை ஒன்று எழும்பியது. அந்த வாடை மறுநாள் காலைவரை வகுப்பில் இருந்தது. பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. அந்த மாணவி என்னைப் பார்க்கவே இல்லை, மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவளுடைய தகப்பனார் வந்தார். தோட்டத்து டிரெக்டர் ரிப்பேர் பார்ப்பவர். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எஞ்சினைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வாத்தியாரே, டிரெக்டர்ல பாடியே எர்த்துங்க. பேட்டரியிலேருந்து ஒரு ஒயர்தான் போவும், திரும்பி வர்றது இரும்பு வழியாத்தான். இதுவும் அந்த மாதிரிதான் போல இருக்கு" என்றார். திருகாணியைக் கழற்றினார். கீழ் பிரஷ்ஷுக்கு அடியில் நான் ஒட்டிய டேப்பு கிழிந்திருந்தது. திருகாணியை முறுக்கும்போது பிரஷ்ஷின் பித்தளைத் தகடு டேப்பைக் குத்திக்கொண்டு எஞ்சினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. அந்தச் சட்டம் ஒரு பக்கத்துச் சக்கரங்களோடு சேர்ந்தது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான்.

திருகாணி முறுக்கும் முன் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. முறுக்கியபின் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பார்க்கச் சொன்னது அதைத்தான்.

இரண்டாவது டிகோடரை என் சம்பளத்தில் வாங்கினேன். சங்கக் கணக்கில் அது ஏறவில்லை, செயலாளர் அவர்களிடம் ரசீதைக் காட்டியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கு கேட்டார்கள், சொல்கிறேன்.

இம்முறை மீட்டரை அந்த மாணவி கையில் கொடுத்துவிட்டேன். பிரஷ்ஷின் அடியில் டேப்புக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு வெட்டி வைத்தோம். அவள் ஒவ்வொரு பிரஷ்ஷிலும் ஒரு முனையை வைத்து, மறுமுனையை ஒவ்வொரு சக்கரத்திலும் சட்டத்திலும் வைத்துப் பார்த்தாள். மீட்டர் கத்தக் கூடாது. கத்தவில்லை. திருகாணி முறுக்கியபின் மறுபடியும் பார்த்தாள். முன்விளக்குப் பல்பின் ஒரு கால் சட்டத்தைத் தொட்டிருந்ததையும் அவளே கண்டுபிடித்தாள். அந்தப் பல்பை எடுத்துவிட்டுச் சின்ன எல்.இ.டி. விளக்கு வைத்து, அது கருகாமல் இருக்க ஆயிரம் ஓம் தடை ஒன்றையும் சேர்த்தோம். டிகோடரைச் சுற்றி டேப்பைச் சுருட்டவில்லை. அதற்குச் சூடு வெளியேற வேண்டும். இருபக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஓரிடத்தில் ஒட்டியதோடு சரி.

பெரிய தண்டவாளத்தில் இன்னும் வைக்கவில்லை. தனியாக ஒரு முழத் துண்டு. அதற்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி மிகக் கொஞ்சம் மின்சாரமே விடும், பிழை இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முதல் தடவையே இதைச் செய்திருக்க வேண்டும். அதில் எஞ்சினை வைத்து, "உன் நம்பர் என்ன?" என்று பெட்டியைக் கேட்கவிட்டோம். எஞ்சின் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், நடுங்கியது. டிகோடருக்கு வாய் கிடையாது. மோட்டாருக்குச் சட்டென்று ஒரு சிறு உதை கொடுத்துத்தான் "ஆமாம்" என்று சொல்லும். பெட்டியில் 3 என்று விழுந்தது. கடையிலிருந்து வரும்போது டிகோடர்கள் எல்லாம் மூன்றாம் நம்பராகத்தான் வரும். நம் முதல் எஞ்சினும் மூன்றுதான். பெரட்டில் இரண்டு முனியாண்டி நின்றால் என்ன ஆகும்? இரண்டு பேரும் "இருக்கேன்" என்பார்கள். அதனால் புதியதை ஏழாக்கினோம்.

ஓடவிட்டபோது அது பின்னால் போனது. சிரிப்பு. ஆரஞ்சு ஒயரையும் சாம்பல் ஒயரையும் மாற்றிப் பற்றியிருக்கிறேன். பிரிக்கத் தேவையில்லை. டிகோடருக்குள் நினைவுப் பெட்டிகள் போல் எண்ணிட்ட இடங்கள் இருக்கின்றன. இருபத்தொன்பதாம் இடத்தில் 6 என்றிருந்ததை 7 ஆக்கினோம். முன்னால் போனது. மூன்றாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் எண்ணைக் கூட்டினால் நிஜ ரயில் மாதிரி மெதுவாகக் கிளம்பும், மெதுவாக நிற்கும். இதைப் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

பரிசளிப்பு நாளன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் இரண்டு எஞ்சினும் ஒரே வட்டத்தில் ஓடும். ஏழாம் நம்பரை யார் ஓட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் தகப்பனார் முதல் ஷிப்டு முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்ட தாயாரும் கட்டாயம் வர வேண்டும். வருகிறவர்கள் தண்டவாளத்தின் குறுக்கே சாவி, சில்லறைக் காசு, வளையல் எதையும் வைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் தொட்டுவிட்டால் பெட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும், ரயில் நடுவழியில் நின்றுவிடும். நின்றாலும் பயப்பட வேண்டாம், பொருளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியும்.